இனிப்பே தின்னாதவருக்கும் சொத்தைப் பல் வருவது ஏன்?

என் சித்தப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் முப்பது வருஷம் கொலுசுப் பட்டறையில் இருந்தவர். லட்டு, ஜிலேபி எதையும் தொடமாட்டார். இருந்தும் ஐம்பது வயதுக்குள் கடைவாய்ப் பற்கள் நான்கு போய்விட்டன. "நான் இனிப்பே திங்கிறதில்லையே, எனக்கு எப்படிடா சொத்தை?" என்று என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார். பட்டறைக்கு ஒரு நாளில் ஏழெட்டு முறை டீ வரும். வேலைக்கு நடுவே வைத்து வைத்து, ஒவ்வொரு டம்ளரையும் கால் மணி நேரம் உறிஞ்சுவார். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை.

பல் விஷயத்தில் நாம் செய்கிற பெரிய தவறு இதுதான். எவ்வளவு இனிப்பு சாப்பிட்டோம் என்று மட்டும் பார்க்கிறோம், எத்தனை முறை என்று பார்ப்பதில்லை. வாயில் இருக்கிற பாக்டீரியாக்கள், முக்கியமாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடுகின்றன. அமிலம் கூடக் கூட பிஎச் என்ற அளவு இறங்கும். அது ஏறத்தாழ 5.5-க்குக் கீழே போனால், எனாமல் என்கிற பல்லின் கெட்டியான மேலுறையில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். அப்புறம் எச்சில் வந்து அமிலத்தை அடக்கி, கரைந்ததில் கொஞ்சத்தைத் திரும்பப் பல்லிலேயே படிய வைக்கும். அதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேண்டும். எச்சில் அந்த வேலையை முடிப்பதற்குள் அடுத்த டீ வந்துவிட்டால்? சித்தப்பாவின் பற்கள் பகல் முழுக்க அமிலத்தில் ஊறிக்கொண்டிருந்தன.

இதை மனிதர்களிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்வீடனில் விப்பெஹோல்ம் என்ற, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான காப்பகத்தில் 1945 முதல் சில ஆண்டுகள் அங்கிருந்தவர்களுக்கு விதவிதமாகச் சர்க்கரை கொடுத்தார்கள். சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. சாப்பாட்டுக்கு இடையில் ஒட்டும் மிட்டாய் தின்றவர்களுக்குப் பற்கள் மளமளவென்று கெட்டன. அந்த மனிதர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். அவர்கள் பல்லை விலையாகக் கொடுத்து நமக்குக் கிடைத்த பாடம் அது. டீயை விடச் சொல்லவில்லை. இரண்டு மூன்று வேளையோடு நிறுத்துங்கள், டிபனோடு சேர்த்துக் குடியுங்கள், இடையில் வேண்டுமென்றால் சர்க்கரை போடாமல் குடியுங்கள்.

"நான் நாட்டுச்சர்க்கரைதான் போடுறேன்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெல்லம், கருப்பட்டி, தேன் எதுவானாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். வேறு சத்து கொஞ்சம் இருக்கலாம், ஆனால் பாக்டீரியாவுக்கு நிறம் பேதம் தெரியாது.

சரி, காரம் சாப்பிட்டால்? சாயங்காலம் தட்டுவடை செட்டோ நொறுக்கலோ சாப்பிடாத சேலத்துக்காரர் உண்டா? எனக்கும் உயிர். அதை நிறுத்தச் சொன்னால் நானே கேட்கமாட்டேன். ஆனால் அரிசி மாவும் மரவள்ளி சிப்ஸும் மென்று கூழாகி, கடைவாய்ப் பல்லின் குழியில் அப்பிக்கொள்ளும். எச்சிலில் இருக்கும் அமிலேஸ் என்ற நொதி அந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். ஜவ்வரிசி வடகமும் இதே கதைதான். இனிக்கவில்லை என்பதால் பல்லுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பது தவறு. தட்டுவடை செட்டில் வரும் பீட்ரூட், கேரட் துருவல் நல்லதுதான், ஆனால் குழிக்குள் ஒட்டியதை அது எடுத்துவிடாது. சாப்பிட்டதும் வாய் நிறையத் தண்ணீர் ஊற்றி நன்றாகக் கொப்பளித்துவிடுங்கள். டிவி முன்னால் ஒரு மணி நேரம் ஒவ்வொன்றாகக் கொறிக்காதீர்கள்.

புளிப்பு வேறு வகை. ஏற்காடு போய்வரும்போது வாங்குகிற ஆரஞ்சு, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட மாங்காய், எலுமிச்சை சோடா இவற்றில் அமிலம் ஏற்கெனவே இருக்கிறது. பாக்டீரியா தேவையே இல்லை. பல் கூசுகிறதே, அந்த நேரத்தில் எனாமலின் மேற்பரப்பு இளகியிருக்கும். சுத்தமாக இருக்கட்டும் என்று உடனே பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தால் இளகியதை நாமே உரித்துவிடுவோம். தண்ணீரால் கொப்பளித்து, அரை மணி நேரமாவது பொறுத்துத் தேய்க்க வேண்டும். பழத்தைப் பயந்து விடாதீர்கள். ஒரே இருப்பில் தின்றுவிடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில்தான் எனக்கு மனசு தாங்காது. பால் புட்டியை வாயில் வைத்தே தூங்கவிடுவது, அதிலும் சர்க்கரை கலந்து கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும், பால் பல்லில் அப்படியே தேங்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பதால் மேல் முன்பற்கள்தான் முதலில் சொத்தையாகும். "பால்பல்தானே, விழுந்துடும்" என்கிறார்கள். பின்பக்கப் பால்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. முன்னதாகவே போனால் நிரந்தரப் பல்லுக்கு இடம் குறுகி, கோணலாக முளைக்கும். பால் குடித்ததும் பல்லைத் துடைத்துவிட்டு, அதற்கப்புறம் படுக்க வையுங்கள். இரவில் தாகம் என்றால் வெறும் தண்ணீர் போதும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. பக்கத்து தருமபுரியிலும் நம் மாவட்டத்தில் சில இடங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு என்ற உப்பு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால், பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடிக்கும் பிள்ளைகளின் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் விழும். இது சொத்தை அல்ல, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. சிலர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்திதான் ஏறும். போர்வெல் தண்ணீர் குடிக்கும் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்.