எட்டாவது முடிந்தது, அடுத்து எந்தப் பள்ளி? நான் அலைந்து கற்றது

எங்கள் வியாசர்பாடிப் பக்கம் நடக்கும் தூரத்திலேயே நான்கைந்து பள்ளிகள். அக்கா மகன் எட்டாவது முடித்ததும் எதில் சேர்ப்பது என்று ஒரு மாதம் அலைந்தேன். எந்த வரிசையில் அலைந்திருக்க வேண்டுமோ அந்த வரிசையில் சொல்கிறேன்.

1. எக்ஸெல் எல்லாம் வேண்டாம். 40 பக்க நோட்டு ஒன்று, பள்ளிக்கு ஒரு பக்கம். வாசலில் நின்றுகொண்டே எழுதலாம்.

2. உயர்நிலை என்றால் பத்தோடு சரி. மேல்நிலை என்றால் பிளஸ் ஒன்னில் என்னென்ன குரூப் என்று கேளுங்கள். பையனுக்கு உயிரியல் ஆசை, அங்கே காமர்ஸ் மட்டும்தான் என்றால் இரண்டு வருடத்தில் மறுபடி டி.சி. வாங்க வேண்டும்.

3. அரசுப் பள்ளியா, அரசு உதவி பெறும் பள்ளியா? நான் சறுக்கியது இங்கேதான். உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாலும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1000 ரூபாய் உண்டு. அப்படியென்றால் கல்லூரிச் சேர்க்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் இருக்கும் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். கிடையாது. 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல் முதலானவற்றுக்கும் வந்த அந்த ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். எங்கள் பையன் மூன்று வருடம் மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் படித்தவன். உதவி பெறும் பள்ளிக்கு மாற்றியிருந்தால் அந்த மூன்று வருடமும் கணக்கில் வராமல் போயிருக்கும். விண்ணப்பத்தை நிரப்பி முடித்த பிறகுதான் பழைய பள்ளி டீச்சர் சொன்னார்!

பெயர்ப் பலகையை நம்பாதீர்கள். பள்ளிகளின் விவரங்கள் இருக்கும் மத்திய அரசின் யூடைஸ் பிளஸ் (UDISE+) தளத்தில் பள்ளியைத் தேடி, நிர்வாகம் என்ற இடத்தைப் பாருங்கள். 'லோக்கல் பாடி' என்றிருந்தால் பயம் வேண்டாம், மாநகராட்சிப் பள்ளியும் அரசுப் பள்ளிக் கணக்குதான்.

4. நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்டியிருப்பார்கள். எத்தனை பேர் எழுதினார்கள், அதே பிள்ளைகள் ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள். பதில் இழுத்தடித்தால் நோட்டில் ஒரு கேள்விக்குறி.

அப்புறம், சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள். பிளஸ் டூ பிள்ளைகள் சொல்வதை எந்த அலுவலகமும் சொல்லாது.

பின்சேர்க்கை: ஆர்.டி.இ.-யில், அதாவது கல்வி உரிமைச் சட்டத்தில் இலவசமாக, தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளையைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அந்த இலவசம் எட்டாவதோடு முடிகிறது. ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் அவர்களுக்கும் 7.5 உண்டு. ஆர்.டி.இ.-யில் படித்ததற்கான சான்றை டி.சி.-யோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.