கர்னலுக்குள் பக்கக் கணக்கு: பட்டி அலோகேட்டரையும் ஸ்லாபையும் அடுக்கும் முறை

சிறிய கர்னல் எழுதத் தொடங்குபவர்கள் முதலில் எழுதும் அலோகேட்டர் (மெமரியைப் பங்கிட்டுக் கொடுக்கும் நிரல்) பெரும்பாலும் ஒன்றுதான்: காலியான 4096 பைட் பக்கம் ஒவ்வொன்றின் தலையிலும் அடுத்த காலிப் பக்கத்தின் முகவரியை எழுதிச் சங்கிலியாகக் கோத்துவிடுவது. எம்ஐடியின் பாடக் கர்னலான எக்ஸ்வி6 அப்படித்தான் செய்கிறது, மொத்தமே நூறு வரிக்குள். இந்தச் சங்கிலி இரண்டு இடத்தில் கைவிடும். டிஎம்ஏ பஃபருக்கு (சாதனம் நேரடியாக எழுதிப் படிக்கும் மெமரிக்கு) தொடர்ச்சியாக 64 கேபி கேட்டால் தர முடியாது. 40 பைட் ஸ்ட்ரக்ட் கேட்டால் முழுப் பக்கத்தைக் கொடுத்து 4056 பைட்டை வீணாக்கும்.

முதல் குறைக்கு மருந்து பட்டி (ஆங்கில ‘buddy’, ஜோடி) முறை: மெமரியை இரண்டின் அடுக்கு அளவுத் துண்டுகளாகப் பாதி பாதியாகப் பிரித்து, இரண்டு பாதியும் காலியானால் மறுபடி இணைப்பது; கென் நோல்டன் 1965ல் வெளியிட்டது. இரண்டாவதற்கு ஸ்லாப், அதாவது ஒரு பக்கத்தை ஒரே அளவுள்ள சிறு பொருள்களாக வெட்டிக் கொடுப்பது, ஜெஃப் பான்விக் சன்ஓஎஸ் 5.4க்காக எழுதி 1994ல் விவரித்தது. இவற்றின் அல்காரிதத்தை எழுதுவது ஒரு மாலை நேர வேலை. ஒரு பக்கத்தைப் பற்றிய தகவலை எந்த இடத்தில் எழுதி வைப்பது என்பதைத் தவறாக முடிவு செய்தால் அதைத் திருத்த வாரங்கள் போகும். இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அந்த முடிவைப் பற்றியதே.

கணக்குக்கு ஒரு இயந்திரம் வேண்டும். க்யூஎமுவின் ரிஸ்க்-வி ‘விர்ட்’ இயந்திரத்தை 128 எம்பி ரேமோடு எடுத்துக்கொள்வோம். ரேம் ஹெக்ஸில் 80000000 என்ற முகவரியில் தொடங்குகிறது. பக்கங்கள் 32,768. பக்க எண்ணை ரேமின் தொடக்கத்திலிருந்து 0, 1, 2 என்று எண்ணுவோம்.

டிஸ்கிரிப்டர்: பக்கத்துக்கு 32 பைட்

பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிஸ்கிரிப்டர். எல்லாம் ஒரே அரேயில், பக்க எண்தான் இன்டெக்ஸ். 64 பிட் கர்னலில் இப்படி அடுக்கலாம்:

- முன், பின் பாயின்டர்கள்: 16 பைட்
- ஸ்லாப் கேச் (ஒரே அளவுப் பொருள்களைத் தரும் ஸ்லாப்களின் தொகுப்பு) பாயின்டர்: 8 பைட்
- பகிர்வு இடம்: 4 பைட்
- ஆர்டர் (துண்டின் அளவு; ஆர்டர் கே என்றால் இரண்டின் கே-ஆவது அடுக்கு பக்கங்கள்): 1 பைட்
- கொடிகள் (காலி, ஒதுக்கியது அதாவது யாருக்கும் கொடுக்கக் கூடாதது, ஸ்லாப்): 1 பைட்
- மிச்சம்: 2 பைட்

அந்த 4 பைட் பகிர்வு இடத்தில்தான் சிக்கனம் இருக்கிறது. பயனர் நிரலுக்குப் போன பக்கம் என்றால் அதில் ரெஃபரன்ஸ் கவுன்ட் (எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்) இருக்கும். ஸ்லாப் பக்கத்துக்கு ரெஃபரன்ஸ் கவுன்ட் தேவையே இல்லை. அதனால் அதே இடத்தை இரண்டாகப் பிரித்து, எத்தனை பொருள் உபயோகத்தில் இருக்கிறது என்பதற்கு 2 பைட், முதல் காலிப் பொருளின் எண்ணுக்கு 2 பைட் என்று வைக்கலாம். முன், பின் பாயின்டர்களும் இப்படித்தான்: காலிப் பக்கமானால் பட்டி வரிசையில் கோக்கும், ஸ்லாப் பக்கமானால் அரைகுறை வரிசையில் (பாதி நிரம்பிய ஸ்லாப்களின் வரிசையில்) கோக்கும். ஒரு பக்கம் ஒரே நேரத்தில் இரண்டு வரிசையில் இருக்காது.

மொத்தச் செலவு 32 × 32,768 = 1 எம்பி, அதாவது 256 பக்கம், ரேமில் முக்கால் சதவீதத்துக்குச் சற்று மேல். லினக்ஸின் ‘ஸ்ட்ரக்ட் பேஜ்’ பொதுவாக 64 பைட். 64 ஜிபி ரேம் உள்ள இயந்திரத்தில் இதற்கே 1 ஜிபி போய்விடுகிறது. ஆகவே ‘இன்னும் ஒரு ஃபீல்டு சேர்த்தால் என்ன’ என்று கை நீளும்போது தடுக்க, அளவு 32தானா என்று கம்பைல் நேரத்திலேயே ஒரு ஸ்டாட்டிக் அஸர்ட் போட்டுவிடுங்கள்.

எக்ஸ்வி6 போலத் தகவலைக் காலிப் பக்கத்துக்குள்ளேயே எழுதினால் இந்த 1 எம்பி மிச்சமாகுமே என்று கேட்கலாம். ஆகும். ஆனால் விடுவித்த பக்கத்தில் யாராவது தவறாக எழுதினால் முதலில் சிதைவது உங்கள் வரிசை. அது தெரியவருவது வேறெங்கோ, வெகுநேரம் கழித்து. தகவல் தனி அரேயில் இருந்தால் அந்தத் தவறு அந்தப் பக்கத்தோடு நிற்கும்.

துவக்கம்: முதலில் எல்லாமே ஒதுக்கியது

அரேயை வைக்க மெமரி வேண்டும். மெமரி கொடுக்க அரே வேண்டும். இந்தக் கோழி-முட்டைச் சிக்கலுக்கு, கர்னல் முடியும் முகவரியை லிங்கர் ஸ்கிரிப்டிலிருந்து எடுத்து, 4096க்கு மேல்நோக்கிச் சீர்செய்து, அங்கேயே அரேயைக் கிடத்திவிடுங்கள். பிறகு 32,768 டிஸ்கிரிப்டரிலும் ‘ஒதுக்கியது’ கொடியை ஏற்றுங்கள். காலி என்று உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் அந்தக் கொடியை இறக்கி ஒவ்வொன்றாக விடுவியுங்கள். தலைகீழாகச் செய்தால், அதாவது எல்லாம் காலி என்று வைத்துக்கொண்டு தேவையானதை ஒதுக்கினால், மறந்துபோன ஒன்று யாருக்கோ போய்விடும். அடிக்கடி மறந்துபோவது டிவைஸ் ட்ரீ (இயந்திரத்தின் வன்பொருள் விவரப் பட்டியல்): ஏ1 ரிஜிஸ்டரில் அதன் முகவரி வருகிறது, அது ரேமுக்குள்ளேயே கிடக்கிறது.

இந்த இயந்திரத்தில் முதல் 2 எம்பியில் ஓப்பன்எஸ்பிஐ (கர்னலுக்கு முன் ஓடும் ஃபர்ம்வேர்) இருக்கும், கர்னல் அதற்கு அடுத்து ஏறும். கர்னல் 1 எம்பி, அரே 1 எம்பி என்றால் முதல் 4 எம்பி, அதாவது 0 முதல் 1023 வரையான பக்கங்கள் போயிற்று. டிவைஸ் ட்ரீ 32,256ஆம் பக்கத்தில் தொடங்கி 2 பக்கம் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். மீதி 31,742 பக்கம் காலி.

இவற்றை விடுவிக்கப் பெரிய துண்டாகக் கணக்குப் போட்டு வரிசையில் செருகலாம். ஒவ்வொரு பக்கமாக ஃப்ரீ செய்தும் விடலாம். 64 ஜிபி இயந்திரத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட முறை ஃப்ரீயை அழைப்பது சரிவராது. 128 எம்பிக்கு ஒவ்வொரு பக்கமாக விடுவதே மேல், ஏனென்றால் இணைக்கும் நிரல் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் இலவசமாகச் சோதனைக்குள்ளாகிறது. ஆர்டர் 0 (4 கேபி) முதல் ஆர்டர் 10 (4 எம்பி) வரை 11 வரிசை வைத்திருந்தால், முடிவில் கிடைக்க வேண்டியது இது: ஆர்டர் 10ல் 30 துண்டு, ஆர்டர் 1 முதல் 9 வரை தலா ஒன்று, ஆர்டர் 0ல் ஒன்றுமில்லை. டிவைஸ் ட்ரீ உடைத்த கடைசி 4 எம்பிதான் அந்த ஒன்பது துண்டுகளாகச் சிதறியிருக்கிறது. பூட் முடியும்போது இந்தப் பட்டியலைக் கன்சோலில் அச்சிடுங்கள். பின்னால் இதுவே அளவுகோல். லினக்ஸில் ப்ராக் கோப்பகத்தின் ‘பட்டிஇன்ஃபோ’ கோப்பு காட்டுவதும் இதே வகைப் பட்டியல்தான்.

பிரிப்பதும் இணைப்பதும்

ஆர்டர் கே அளவுள்ள துண்டின் ஜோடியைக் கண்டுபிடிக்க, அதன் முதல் பக்க எண்ணில் கே-ஆவது பிட்டைப் புரட்டினால் போதும். 12ஆம் பக்கத்தில் தொடங்கும் ஆர்டர் 2 துண்டின் ஜோடி 8. இரண்டும் சேர்ந்தால் 8ல் தொடங்கும் ஆர்டர் 3.

பூட் முடிந்த பிறகு ஒரு பக்கம் கேட்டுப் பாருங்கள். ஆர்டர் 0 வரிசை காலி. ஆர்டர் 1ல் 32,258 இருக்கிறது. அதை வரிசையிலிருந்து எடுத்து இரண்டாக்கி, 32,259ஐ ஆர்டர் 0 வரிசையில் போட்டு, 32,258ஐக் கொடுக்கிறோம். திரும்பி வரும்போது ஜோடி 32,259 காலியாக இருப்பதால் இரண்டும் சேர்ந்து ஆர்டர் 1 ஆகிறது. அடுத்த ஜோடி 32,256. அங்கே டிவைஸ் ட்ரீ உட்கார்ந்திருக்கிறது, கொடி ‘ஒதுக்கியது’. இணைப்பு அங்கே நிற்கிறது.

இணைக்கும் முன் மூன்றைப் பாருங்கள்: ஜோடியின் எண் 32,768க்குள் இருக்கிறதா, காலிக் கொடி இருக்கிறதா, அதன் ஆர்டரும் கேதானா. மூன்றாவதை விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. 8ல் தொடங்கும் ஆர்டர் 2 துண்டை விடுவிக்கிறீர்கள். 12ஆம் பக்கம் காலிதான், ஆனால் ஆர்டர் 0ல். 13 இன்னும் ஒருவரிடம் இருக்கிறது. ஆர்டரைப் பார்க்காமல் சேர்த்தால் 13 இரண்டாவது ஆளுக்கும் போய்ச் சேரும். கர்னல் உடனே விழாது, நன்றாகவே ஓடும். விழும்போது அலோகேட்டர்மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

ஆர்டரும் காலிக் கொடியும் துண்டின் முதல் பக்கத்தில் மட்டும் செல்லும். துண்டை வரிசையிலிருந்து எடுக்கும் எல்லா இடத்திலும் கொடியை இறக்க வேண்டும் என்பதால், ‘எடு’, ‘சேர்’ என இரண்டே ஃபங்ஷன் வைத்து அவற்றுக்குள் மட்டும் கொடியைத் தொடுங்கள். இணைக்கும்போது ஜோடியை வரிசையின் நடுவிலிருந்து உருவ வேண்டியிருக்கும். ஒருவழிச் சங்கிலி இதற்கு ஆகாது, அதனால்தான் முன், பின் இரண்டு பாயின்டரும்.

ஸ்லாப்: தலைப்பைப் பக்கத்துக்குள் வைக்காதீர்கள்

16, 32, 64, 96, 128, 192, 256, 512, 1024, 2048 பைட்டுக்கு ஒவ்வொரு கேச். 96ம் 192ம் இடையில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. 130 பைட் ஸ்ட்ரக்டை 256ல் போட்டால் பாதி வீண், பக்கத்துக்கு 16தான். 192ல் போட்டால் 21 வரும், பக்கத்தின் கடைசியில் 64 பைட் மட்டும் மிச்சம்.

ஸ்லாபின் விவரத்தைப் பக்கத்தின் தலையில் 32 பைட்டாக வைத்தால் 2048 பைட் கேச் நாசமாகும்: பக்கத்துக்கு இரண்டு பொருள் பிடிக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் பிடிக்கும். 512ல் எட்டுக்குப் பதில் ஏழு. டிஸ்கிரிப்டரில் வைத்தால் இந்த இழப்பு இல்லை, பொருள்களின் அலைன்மென்டும் கெடாது. லினக்ஸின் ஸ்லப் இந்த வழியில்தான் போகிறது, கர்னலின் 6.4 பதிப்பில் ஸ்லோபும், 6.8ல் பழைய ஸ்லாபும் நீக்கப்பட்ட பிறகு அங்கே மிஞ்சியிருப்பதும் அது ஒன்றே. (6.4ல் போனது ‘ஓ’ போட்டு எழுதும் ஸ்லோப். தமிழில் எழுதினால் மூன்றும் ஒரே ஆள்போல் தெரிவது நம் தலைவிதி.)

காலிப் பொருளின் முதல் 2 பைட்டில் அடுத்த காலிப் பொருளின் எண்ணை எழுதுங்கள்; முடிவுக்கு 65,535. பாயின்டருக்குப் பதில் எண் வைப்பதில் ஒரு லாபம்: 192 பைட் கேச்சில் 21க்குக் குறையாத எண் வந்தால், 65,535 தவிர, யாரோ விடுவித்த பொருளில் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அங்கேயே பேனிக் அடியுங்கள், அதாவது கர்னலை நிறுத்திவிடுங்கள்.

விடுவிக்கும்போது முகவரியிலிருந்து ரேமின் தொடக்கத்தைக் கழித்து 4096ஆல் வகுத்தால் பக்க எண், அதிலிருந்து டிஸ்கிரிப்டர், ஸ்லாப் கொடி இருந்தால் கேச் பாயின்டர் அங்கேயே. இல்லையென்றால் அது பெரிய துண்டு, அளவை ஆர்டர் சொல்லும். அழைப்பவரிடம் அளவைக் கேட்கவே வேண்டாம். எந்த அளவுக்கும் ஸ்லாப் ஒரே பக்கமாக இருக்கட்டும். பல பக்க ஸ்லாப் வந்தால் நடுப் பக்கத்திலிருந்து தலைப் பக்கத்தைத் தேடும் வேலை தலையில் விழும்.

முழுதும் நிரம்பிய ஸ்லாபை எந்த வரிசையிலும் வைக்கத் தேவையில்லை. அதிலிருந்து ஒரு பொருள் திரும்பும்போது அரைகுறை வரிசையில் சேர்த்தால் போதும். முழுதும் காலியான ஸ்லாபை உடனே பட்டியிடம் திருப்பாமல், கேச்சுக்கு ஒன்றாவது கையில் வைத்திருங்கள். இல்லாவிட்டால் ஒரு பொருளைக் கேட்டுக் கேட்டுத் திருப்பும் லூப் ஒன்று, ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்தை வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பத்து கேச்சின் ஸ்ட்ரக்டும் நிலையான அரேயில் இருக்கட்டும். அவற்றுக்கு மெமரி கேட்கப் போய் அலோகேட்டர் தன்னையே அழைத்துக்கொள்ள வேண்டாம்.

லாக்

ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் தொடுவதற்கான லாக்கில் கேச் லாக் முதலில், பட்டி லாக் பிறகு, மாறக்கூடாது. இன்டரப்ட் ஹேண்ட்லரும் மெமரி கேட்கும் என்றால் லாக் பிடிக்கும்போது இன்டரப்டை அணைக்க வேண்டும். பக்கத்தைப் பூஜ்யமாக்கும் வேலையை லாக்கை விட்ட பிறகு செய்யுங்கள்.

பட்டி லாக்கில் கூட்டம் சேர்ந்தால் சிபியுவுக்கு ஒரு சின்னக் கையிருப்பு, 32 பக்கம்போல, கொடுக்கலாம். அதில் இரண்டு பொறி. தன் லாக்கை வைத்துக்கொண்டே பக்கத்து சிபியுவின் கையிருப்பில் கைவைத்தால், அதுவும் அதே நேரத்தில் அப்படியே செய்ய, இரண்டும் உறைந்துபோகும். இன்னொன்று, கையிருப்பில் இருக்கும் பக்கம் ஜோடியோடு சேராது. பெரிய ஆர்டர் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கு முன் எல்லாக் கையிருப்பையும் பட்டிக்கு வடித்துவிட்டு ஒருமுறை மறுபடி தேடுங்கள்.

சோதனை

விடுவித்த பொருளை ஒரு குறிப்பிட்ட பைட்டால் நிரப்புங்கள். லினக்ஸின் ஸ்லப் டீபக் நிலையில் ஹெக்ஸில் 6பி, கடைசி பைட்டில் ஏ5 எழுதுகிறது; எக்ஸ்வி6 ஃப்ரீயில் 1, கொடுக்கும்போது 5. டம்பில் 6பி 6பி 6பி என்று ஒரு பாயின்டர் தெரிந்தால், விடுவித்ததை யாரோ படிக்கிறார்கள்.

பிறகு சீரற்ற வரிசையில் சில லட்சம் முறை வாங்கி விடுவித்து, எல்லாவற்றையும் திருப்பி, கையிருப்பையும் காலி ஸ்லாப்களையும் வடித்துவிட்டு, பூட் ஆனபோது அச்சிட்ட பட்டியலோடு ஒப்பிடுங்கள். மொத்தம் 31,742 சரியாக இருந்தும் கீழ் ஆர்டர்களில் கூடுதலாகத் துண்டுகள் கிடந்தால், இணைப்பு நடக்கவில்லை. பிரிக்கும்போது மேல்பாதியின் ஆர்டரை எழுதாமல் விட்டிருப்பீர்கள். மொத்தம் குறைந்தால் கசிவு. 31,742க்கு மேல் போனால் ஒரே பக்கம் இருமுறை விடுவிக்கப்பட்டிருக்கிறது, அல்லது ஒதுக்கிய பக்கம் வரிசைக்குள் நுழைந்திருக்கிறது. ஃப்ரீயின் முதல் வரியிலேயே ‘காலி’, ‘ஒதுக்கியது’ இரண்டு கொடியையும் பார்த்துப் பேனிக் அடிக்க வைத்து மறுபடி ஓட்டுங்கள், அழைத்த ஃபங்ஷன் ஸ்டாக்கில் நிற்கும்.