பிட்சரின் சாதனை அட்டவணையைப் படிப்பது எப்படி?

அமெரிக்க பேஸ்பாலில் ஒரு பிட்சரின் (பந்து வீசுபவரின்) அட்டவணையைத் திறந்ததும் கண்ணில் படுவன வெற்றி, தோல்வி என்ற இரண்டு எண்கள். அவற்றைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, அவர் எத்தனை இன்னிங்ஸ் வீசினார் என்பதை முதலில் பாருங்கள்.

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்காக நோலன் ரயன் ஆடிய 1987ஆம் ஆண்டு வரிசையில் 211.2 என்று இருக்கும். கிரிக்கெட்டில் 12.3 ஓவர் என்பதை எப்படிப் படிக்கிறோமோ அப்படியே, இதையும் 211 இன்னிங்ஸும் அதற்கு மேல் 2 அவுட்டும் என்று கொள்ள வேண்டும். ஓர் இன்னிங்ஸுக்கு 3 அவுட் என்பதால், கணக்கிடும்போது 211.67 என்று போடுங்கள்.

அடுத்தது ஈ.ஆர்.ஏ., அதாவது 9 இன்னிங்ஸுக்குப் பிட்சர் சராசரியாகக் கொடுத்த ரன். பீல்டர்களின் பிழையால் வந்த ரன்களைக் கழித்தபின் பிட்சரின் பொறுப்பில் நிற்பவற்றை 9ஆல் பெருக்கி, இன்னிங்ஸால் வகுத்தால் இது கிடைக்கும். ரயன் அவ்வாறு கொடுத்தவை 65 ரன்கள், ஈ.ஆர்.ஏ. 2.76. மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகில் அந்த ஆண்டு அதுவே மிகக் குறைவு, அவருடைய 270 ஸ்ட்ரைக் அவுட்டுகளே (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது) மிக அதிகம். அப்படியிருந்தும் அவர் கணக்கில் 8 வெற்றி, 16 தோல்வி. அவர் பந்துவீசிய நாட்களில் சக வீரர்கள் போதிய ரன் எடுக்கவில்லை. 27 சீசன்கள் ஆடியும், ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குக் கிடைக்கவேயில்லை. 2018இல் 10 வெற்றி, 9 தோல்வி மட்டுமே கண்ட ஜேக்கப் டிகிராமுக்கு, 1.70 ஈ.ஆர்.ஏ.வுக்காக அதே விருது கிடைத்தது. தேர்வாளர்கள் மாறத்தான் இவ்வளவு காலம் ஆயிற்று.

ஈ.ஆர்.ஏ.வையும் அந்தந்த ஆண்டின் லீக் சராசரியோடு வைத்தே எடைபோடுங்கள். பாப் கிப்சன் 1.12 எடுத்த 1968இல் ரன் எடுப்பதே பொதுவாக அரிதாக இருந்தது. மறு ஆண்டே பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகத் தாழ்த்தி, வீசிய பந்து ஸ்ட்ரைக்காகக் கொள்ளப்படும் எல்லையையும் சுருக்கினார்கள்.

ஸ்ட்ரைக் அவுட்டுக்குப் பக்கத்திலேயே வாக் (நான்கு பந்துகள் தவறாக விழுந்ததால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) எண்ணிக்கையும் இருக்கும். ரயனின் 5,714 ஸ்ட்ரைக் அவுட்டுகள் சாதனை என்றால், அவர் 2,795 முறை வாக் கொடுத்ததும் சாதனைதான். ரசிகர்கள் முன்னதை மட்டும் ஒப்பிப்பார்கள்.

இடையில் ஓர் ஆண்டு விடுபட்டிருந்தால் பெரும்பாலும் முழங்கையே காரணமாக இருக்கும். இடக்கைப் பிட்சர் டாமி ஜானின் அட்டவணையில் 1975 இல்லை. 1974இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், வலக்கையிலிருந்து தசைநாண் எடுத்து அவருடைய இடது முழங்கையில் பொருத்தினார். 1976இல் திரும்பிய ஜான் 1989 வரை ஆடினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அந்த அறுவைக்குப் பின் வந்தவை.