ஷூ சோல் ரப்பரா, பிளாஸ்டிக்கா, ஃபோமா? கையில வச்சே கண்டுபிடிக்கிறது எப்படி

விக்கிறவங்கள கேட்டா எல்லா சோலும் ரப்பர் சோல்தான். பெட்டிய பாத்தும் பெருசா ஒண்ணும் தெரியாது. ஐரோப்பாவுல விக்கிற ஷூல குட்டி குட்டி படம் போட்ட லேபிள் இருக்கும், 1994ல வந்த விதி அது, ஆட்டுத்தோல விரிச்சு போட்ட மாதிரி படம்னா லெதர், வலை மாதிரி கட்டம்னா துணி, டைமண்ட்னா "மத்த பொருள்". ரப்பர், பிவிசிங்கிற பிளாஸ்டிக், ஈவிஏங்கிற லேசான ஃபோம், பியூங்கிற பாலியூரித்தேன் ஃபோம் எல்லாமே அந்த ஒரு டைமண்டுக்குள்ள போயிடும், அதனால சோல் லெதரா இல்லையாங்கிறத தாண்டி அந்த லேபிள் எதுவும் சொல்லாது. சில சோல்ல அடியிலயே பியூ, டிபிஆர் (ரப்பர் மாதிரி இருக்கிற, சூட்டுல உருகுற பிளாஸ்டிக்) இப்படி அச்சு விழுந்திருக்கும், மொதல்ல அத தேடிப் பாருங்க, இருந்தா வேலை மிச்சம்.

இல்லேன்னா கைதான். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம், சோல்னு நாம பொதுவா சொல்றது பல ஷூல ஒரே பொருள் கிடையாது. ஸ்போர்ட்ஸ் ஷூவ பக்கவாட்டுல பாருங்க, தரையில படுற மெல்லிசான அடுக்கு அவுட்சோல், அதுக்கு மேல தடியா மெத்துன்னு இருக்கிறது மிட்சோல். கீழ ரப்பர் மேல ஈவிஏங்கிறது ரொம்ப சகஜம். சில ஷூல அந்த ரப்பர் கூட குதிகால்லயும் முன்பக்கத்துலயும் துண்டு துண்டா மட்டும் ஒட்டியிருக்கும், நடுவுல தெரியறது வெறும் ஈவிஏ. அதனால ஒரு எடத்துல தொட்டு பாத்துட்டு முடிவு பண்ணிடாதீங்க, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியா பாருங்க.

இப்ப கட்டை விரல் நகத்தால நல்லா அழுத்துங்க. நகம் உள்ள எறங்கி பள்ளம் விழுந்தா அது ஃபோம் வகை, அதாவது ஈவிஏ, பியூ, எம்சிஆர்ங்கிற நுரை ரப்பர் இதுல ஒண்ணு. எறங்கவே இல்லேன்னா கெட்டி வகை, ரப்பர், டிபிஆர், பிவிசி, இல்லேன்னா டிபியூங்கிற உருக்கி வார்க்குற கெட்டி பாலியூரித்தேன்.

ஃபோம்ல ஈவிஏ தான் ரொம்ப லேசு, கையில எடுத்தா உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். கொஞ்ச நாள் போட்ட ஈவிஏ மிட்சோல்ல பக்கவாட்டுல படுக்கை வசமா சன்னமா சுருக்கக் கோடு விழுந்திருக்கும், அமுங்கினது முழுசா திரும்பி எழாது, அதான் அதோட கொணம். வெயில்ல நிக்கிற கார்க்குள்ள விட்டா சுருங்கி சைஸே கம்மியாகிடும். எம்சிஆர் பாக்க கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும், ஆனா அது நுரைச்ச ரப்பர், கொஞ்சம் கனமா இருக்கும், அழுத்திட்டு விட்டா உடனே எழும், மோந்து பாத்தா ரப்பர் வாசம் வரும்.

பியூ ஈவிஏவ விட கனம், கெட்டி ரப்பர விட லேசு. மேல வழவழன்னு ஒரு தோல் மாதிரி மூடியிருக்கும், வெட்டுன எடத்துல பாத்தா உள்ள பொடிப்பொடியா ஓட்டை தெரியும். புதுசுல பியூவ அடிச்சுக்க ஆள் இல்ல, சீக்கிரம் அமுங்காது, நல்லா உழைக்கும். ஆனா பெட்டியில பத்திரமா வருஷக்கணக்குல எடுத்து வச்ச ஷூவ திடீர்னு ஒரு நாள் போட்டுட்டு போனா பாதி வழியில சோல் பொடிப்பொடியா உதிருதுல்ல, அது பெரும்பாலும் பியூ தான். காத்துல இருக்கிற ஈரம் உள்ள போயி அதோட பிணைப்ப அறுத்துடுது, ஹைட்ராலிசிஸ்னு சொல்வாங்க, சூடும் சேந்தா இன்னும் வேகமா நடக்கும், பாலியெஸ்டர் வகை பியூல இது அதிகம், பாலிஈதர்ல கம்மி. பழைய ஷூ வாங்குறவங்க குதிகால் பக்கத்துல விரலால அழுத்தி பாருங்க, பிசுபிசுன்னு ஒட்டினாலோ வெடிப்பு விட்டாலோ அப்பிடியே வச்சிட்டு வந்துடுங்க.

கெட்டி வகையிலதான் தலைவலி, ஏன்னா டிபிஆர் ரப்பர் மாதிரியே வேஷம் போடும். கண்ணால பாத்தா டிபிஆர்ல கொஞ்சம் பளபளப்பு ஜாஸ்தி, உருக்கி அச்சுக்குள்ள ஊசி போட்ட மாதிரி செலுத்துறதால எங்கயாவது ஒரு சின்ன வட்டமான பொட்டு இருக்கும், செலுத்துன வாய் அது. உள்ள கால் படுற அட்டைய, அதான் இன்சோல, தூக்கி பாத்தா பல சமயம் உள்ள கூடு கூடா காலியா இருக்கும். ரப்பர் அவுட்சோல் பெரும்பாலும் மங்கலா இருக்கும், ரொம்ப பழசாச்சுன்னா மடங்குற எடத்துல மெல்லிசா கீறல் கீறலா வெடிக்கும், அது ஓசோன் பண்ற வேலை.

டிபிஆரா ரப்பராங்கிற சந்தேகம் தீரணும்னா சூடு பண்ணுன ஊசிதான் நல்ல வழி. கொறட்டுல ஒரு குண்டூசிய புடிச்சு லைட்டர்ல காட்டி, சோல்ல வெளிய தெரியாத எடத்துல, இன்சோலுக்கு அடியில இருந்தா நல்லது, ஒரு புள்ளி வச்சு மெதுவா இழுங்க. டிபிஆரா இருந்தா வெண்ணெயில எறங்குற மாதிரி ஊசி எறங்கும், இழுத்தா நூல் நூலா வரும், ஓட்டைய சுத்தி உருகி வழவழன்னு கரை கட்டும். வல்கனைஸ் பண்ணுன ரப்பர் உருகவே உருகாது, ஊசி தடுமாறும், கருகி பொகை வரும், நூல் வராது. 1839ல சார்லஸ் குட்இயர் கண்டுபிடிச்ச விஷயம் இதான், கந்தகம் சேத்து சூடு பண்ணுனா ரப்பரோட சங்கிலிகள் ஒண்ணோட ஒண்ணு கட்டிக்கும், அதுக்கப்பறம் திரும்ப உருக்க முடியாது.

பிவிசியும் டிபியூவும் கூட உருகும், அதனால ஊசி மட்டும் போதாது. பிவிசி கையில வெயிட்டா இருக்கும், பிளாஸ்டிக் வாடை அடிக்கும், குளிர்ல வெறச்சு போயிடும், ஈரத்தரையில வழுக்கும். டிபியூ கிழிக்கவே முடியாத அளவுக்கு உறுதி, ஃபுட்பால் ஷூ அடி, ஹீல் நுனி இதுலல்லாம் பாக்கலாம், கண்ணாடி மாதிரி பாதி ஒளி ஊடுருவுற சோலும் பல சமயம் இதுதான். அதுக்காக சோல எரிச்சு பாக்குறேன்னு மட்டும் கிளம்பாதீங்க, பிவிசி எரிஞ்சா ஹைட்ரஜன் குளோரைடு வரும், பியூ எரிஞ்சா சயனைடு வாயுவே வரலாம். ஊசிப் புள்ளி கூட காத்தோட்டமான எடத்துல வைங்க, மூக்க கிட்ட கொண்டு போகாதீங்க.

தண்ணியில போட்டும் பாக்கலாம், ஆனா முழு ஷூவ இல்ல, உள்பக்கத்துல இருந்து நகக்கண் அளவு ஒரு துணுக்கு வெட்டி போடணும், முழுசா போட்டா உள்ள இருக்கிற காத்தால எல்லாமே மிதக்கும். ஈவிஏ, பியூ ஃபோம் ஜம்முனு மிதக்கும், ரப்பர், பிவிசி, டிபியூ முங்கும், டிபிஆர் ரெண்டுங்கெட்டான், தண்ணியோட எடைக்கு கிட்டத்தட்ட சமமா இருக்கிறதால அத நம்பி முடிவு பண்ண வேணாம்.

லெதர் சோல் ஈஸி. வெட்டு ஓரத்துல நார் நாரா தெரியும், அடியில ஒரு சொட்டு தண்ணி விட்டா கொஞ்ச நேரத்துல குடிச்சுட்டு கருத்துப் போகும், லெதர் மாதிரி பெயின்ட் அடிச்ச டுபாக்கூர்ல சொட்டு அப்பிடியே முத்தா நிக்கும்.

இவ்வளவு பாடும் எதுக்குன்னா பெரும்பாலும் ஒட்டுறதுக்குத்தான். மஞ்சளா வர்ற நியோப்ரீன் பசை ரப்பருக்கும் லெதருக்கும் நல்லா புடிக்கும், ரெண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டு சொரசொரப்பாக்கிட்டு தடவணும். அதையே பிவிசிக்கு போட்டா மொதல்ல ஒட்டுன மாதிரி இருக்கும், அப்பறம் பிவிசியில மெதுமைக்கு சேக்குற எண்ணெய் மாதிரி பொருள் கசிஞ்சு வந்து பசைய எளக்கிடும், அதுக்கும் டிபியூக்கும் பியூ பசைதான். ஈவிஏவுக்கும் டிபிஆருக்கும் பசைக்கு முன்னாடி அதுஅதுக்குன்னு இருக்கிற பிரைமர் அடிக்கணும், அடிக்கலேன்னா காஞ்சதும் பட்டையா உரிஞ்சு வரும். உதிர ஆரம்பிச்ச பியூக்கு எந்த பசையும் புடிக்காது, சோலையே மாத்தணும்.