ஃபைல் சிஸ்டத்தின் எரர் பாதையை நாமே உடைத்துப் பார்ப்பது எப்படி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புங்கோலில் எங்கள் வீட்டுக்கு ஒரு தம்பி மடிக்கணினியோடு வந்தான். லினக்ஸுக்குத் தானே எழுதிய சின்ன ஃபைல் சிஸ்டம் மாட்யூல், அதாவது டிஸ்கில் கோப்புகளை வைத்து எடுக்கும் முறையைக் கர்னலில் (லினக்ஸின் மையப் பகுதியில்) சேர்க்கும் துண்டு நிரல். படிக்கிறது, எழுதுகிறது, எல்லாம் சரி, கெட்டுப்போன டிஸ்க் இமேஜ் ஒன்றைக் கொடுத்தால் மட்டும் "கர்னலே கவுந்துடுதுண்ணே" என்றான். திறந்து பார்த்தால், தோல்வி வழியில் இருந்த வரிகள் எழுதிய நாளிலிருந்து ஒருமுறைகூட ஓடியதில்லை. அன்று மாலை வரை நாங்கள் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், மவுண்ட் செய்யும்போது (டிஸ்கைப் பயன்பாட்டுக்கு இணைக்கும்போது) ஓடும் ஃபில்_சூப்பர் ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள், மவுண்ட் பிழைகளில் பாதி அங்கேதான் ஒளிந்திருக்கும். மெமரி வாங்குகிறோம், டிஸ்கிலிருந்து சூப்பர் பிளாக்கை (ஃபைல் சிஸ்டத்தின் தலைப்புத் தகவல்) படிக்கிறோம், ரூட் ஐநோடை (மேல்நிலை அடைவின் விவரக் குறிப்பு) எடுக்கிறோம், கடைசியில் அதை ரூட்டாக அமைக்கும் டி_மேக்_ரூட். நடுவில் எங்கே தோற்றாலும் அதுவரை எடுத்ததைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கோயில் திருவிழாப் பந்தலைப் பிரிப்பவர்கள் கடைசியில் கட்டியதைத்தானே முதலில் அவிழ்க்கிறார்கள், அதே வரிசை. இதற்குத்தான் கர்னலில், நேராக வேறு வரிக்குத் தாவ உதவும் கோட்டூ லேபிள்கள். கல்லூரியில் கோட்டூ கூடாது என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள், இங்கே அதை மறந்துவிடுங்கள்.

அப்புறம், எந்த ஃபங்ஷன் தோல்வியை எப்படிச் சொல்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மெமரி வாங்கும் கேமெலாக், டிஸ்க் பிளாக்கைப் படிக்கும் எஸ்பி_பிரெட் இரண்டும் தோற்றால் நல் (எதையும் காட்டாத) பாயின்டரைத் தரும். ஐநோடை எடுக்கும் ஃபங்ஷன்கள் பலவும் எரர் எண்ணையே பாயின்டருக்குள் வைத்துத் தரும், அதை ஈஸ்_எர் கொண்டுதான் பார்க்க வேண்டும். நல்லை ஈஸ்_எர் பிழையாகவே எண்ணாது, அதனால் இரண்டையும் மாற்றிப் போட்டால் சோதனை இருந்தும் இல்லாத மாதிரிதான். தம்பி செய்திருந்தது வேறு: எஸ்பி_பிரெட் நல் தந்ததும் கோட்டூ போட்டுவிட்டான், ஆனால் எரர் மாறிக்கு மைனஸ் 5, அதாவது ஐஓ பிழை, வைக்கவே இல்லை. அது பழைய 0-வாகவே இருந்தது. தோற்ற மவுண்ட் "வெற்றி" என்று திரும்பியது, ரூட் இல்லாத ஃபைல் சிஸ்டத்தைக் கையில் வாங்கிய கர்னல் விழுந்தது.

இன்னும் இரண்டு பொறிகள். டி_மேக்_ரூட் தோற்றால் ஐநோடை அதுவே விட்டுவிடும், ஐநோடை விடும் ஐபுட்டை நீங்களும் கூப்பிட்டால் இரண்டு முறை விட்டதாகிவிடும். ரூட் அமைவதற்கு முன்பே மவுண்ட் தோற்றால் அன்மவுண்டின்போது சுத்தம் செய்யும் புட்_சூப்பர் கூப்பிடப்படவே படாது, அதனால் உங்கள் தனித் தகவலுக்கு வாங்கிய மெமரியை விடும் பொறுப்பு யாருக்கு என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஃபில்_சூப்பரா, மவுண்ட் தோற்றாலும் கூப்பிடப்படும் கில்_எஸ்பியா, ஏதாவது ஒன்றில் மட்டும்.

சரி, திருத்தியாயிற்று. இனிச் சோதனை, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் சொந்த மெஷினில் வேண்டாம், கியூஇஎம்யூ என்ற மெய்நிகர் கணினியில் ஒரு தனிக் கர்னல் ஏற்றுங்கள். கர்னலைக் கட்டும்போது, வேண்டுமென்றே பிழை நுழைக்கும் ஃபால்ட் இன்ஜெக்‌ஷன், ஃபெயில்ஸ்லாப், கேசான் (மெமரியைத் தவறாகத் தொட்டால் காட்டும்), கேமெம்லீக் (விடாத மெமரியைக் காட்டும்) நான்கையும் இயக்கிவிடுங்கள். ஃபெயில்ஸ்லாப் என்பது மெமரி கேட்கும் இடத்தில் வேண்டுமென்றே இல்லை என்று சொல்ல வைக்கும். ஆனால் அதற்குள் இக்னோர்-ஜிஎஃப்பி-வெயிட் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, இயல்பாகவே அது 'ஆம்' என்று இருக்கும், அப்படியே விட்டால் காத்திருக்கக்கூடிய மெமரி கோரிக்கைகளை அது தொடவே தொடாது. ஃபைல் சிஸ்டத்தில் பெரும்பாலானவை அந்த வகைதான்! அதை 'இல்லை' என்று மாற்றாமல் நாள் முழுக்க ஓட்டிவிட்டு "எல்லாம் பாஸ்" என்று சந்தோஷப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எத்தனை சதவீதம் தோற்க வேண்டும் என்று வைத்துத் தற்செயலாகத் தோற்கவிடலாம், எனக்கு அது பிடிக்காது, பிழை வந்தால் மறுபடி வரவழைக்க முடியாது. அதற்குப் பதில் ஃபெயில்-என்த், அதாவது எத்தனையாவது கோரிக்கை தோற்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பு. ஒரு சின்ன சி புரோகிராம் எழுதுங்கள்: அது ப்ராக் அடைவில் தனக்கென்று உள்ள ஃபெயில்-என்த் கோப்பில் 1 என்று எழுதிவிட்டு மவுண்டைக் கூப்பிடட்டும், முதல் கோரிக்கை தோற்கும். அடுத்து 2, அப்புறம் 3. ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பைத் திரும்பப் படியுங்கள். 0 என்றால் தோல்வி நுழைந்தது. 0-ஐவிடப் பெரிய எண் வந்தால் அந்தப் பாதையில் தோற்க வைக்க இனி இடம் மிச்சமில்லை, நிறுத்தலாம். தம்பியின் மாட்யூலில் இப்படி ஓட்டியபோதுதான், விட்ட மெமரியை மறுபடி தொடும் இன்னொரு பிழையைக் கேசான் காட்டிக்கொடுத்தது.

டிஸ்க் பிழைக்கு, டிஸ்குக்கு முன்னால் நின்று கோரிக்கைகளைத் திருப்பிவிடும் டிவைஸ் மேப்பர் இருக்கிறது. லூப் டிவைஸின் (டிஸ்காக நடிக்கும் கோப்பு) மேல், கோரிக்கையை அப்படியே கடத்தும் லீனியர் டேபிள் போட்டு மவுண்ட் செய்து, எழுதிக்கொண்டிருக்கும்போதே எரர் டேபிளாக மாற்றுங்கள், எல்லா ஐஓவும் தோற்கும். குறித்த விநாடிகள் நன்றாக இருந்து குறித்த விநாடிகள் கெட வேண்டுமென்றால் ஃப்ளேக்கி. பிறகு அன்மவுண்ட் செய்து டீமெசேஜை, அதாவது கர்னலின் செய்திப் பதிவைப் படியுங்கள்: "பிஸி ஐநோட்ஸ்" என்று வந்தால் எங்கோ ஓர் ஐபுட் விட்டுப்போயிருக்கிறது. மாட்யூலை இறக்கும்போது ஸ்லாப் கேஷில் (உங்கள் ஆப்ஜெக்டுகளுக்கான மெமரித் தொகுப்பில்) இன்னும் ஆப்ஜெக்ட் இருப்பதாக எச்சரிக்கை வந்தாலும் ஏதோ ஒன்று விடப்படவில்லை. கேமெம்லீக்கை ஸ்கேன் செய்ய வைத்துவிட்டு, மறுபடி மவுண்ட் செய்து பழைய கோப்புகள் முழுசாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

எழுதியதை டிஸ்கில் சேர்த்துவிடச் சொல்லும் எஃப்சிங்கை மறக்காதீர்கள். எழுதத் தோற்றதை அது சொல்லியே ஆக வேண்டும். 4.13 கர்னலிலிருந்து இதற்கு எர்செக் என்ற முறை இருக்கிறது, ஆனாலும் ஒரே ஃபைல் டிஸ்கிரிப்டருக்கு (திறந்த கோப்பின் கைப்பிடி) ஒருமுறைதான் சொல்லும், அடுத்த எஃப்சிங்க் வெற்றி என்றே திரும்பலாம். 2018-இல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஆட்கள் தலையைப் பிய்த்துக்கொண்டது இந்த விஷயத்தில்தான்.

இவ்வளவும் தேறியபின் எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற ஃபைல் சிஸ்டம் சோதனைத் தொகுப்பில் ஆட்டோ குரூப்பை ஓட்டுங்கள், அதில் ஜெனரிக் 475 டிஸ்க் பிழைக்கென்றே எழுதியது. திருத்தத்தைப் பேட்சாக அனுப்பும்போது எந்த இடத்தில் எதைத் தோற்கவைத்துப் பார்த்தீர்கள் என்று கமிட் செய்தியில் எழுதி, ஃபிக்ஸஸ் வரியில், பிழையைக் கொண்டுவந்த பழைய கமிட்டின் ஹாஷில் (அடையாளக் குறியில்) முதல் 12 எழுத்துகளைச் சேருங்கள்.