பழைய பிக்கப்பில் இன்ஜின் லைட் எரிகிறதா? சென்சார் வாங்கும் முன் ஒயரைப் பாருங்கள்

வேலூர், காட்பாடி, பள்ளிகொண்டா பக்கம் ஓடும் பிக்கப் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவன் நான். மஞ்சள் இன்ஜின் லைட் எரிந்ததும் பலரும் சென்சார் விலை கேட்டுக்கொண்டேதான் வருகிறார்கள். பிரித்துப் பார்த்தால், சென்சார் நன்றாக இருக்கும், அதற்குப் போகும் ஒயரோ, ஒயரைச் சென்சாரோடு இணைக்கும் கப்ளரோ கெட்டிருக்கும். பழைய வண்டியில் இதுதான் அதிகம். அதனால் பார்க்கிற வரிசை முக்கியம்.

சாவியை ஆன் செய்ததும் அந்த லைட் எரிய வேண்டும், இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆன் செய்தும் எரியவே இல்லை என்றால் பல்பு போயிருக்கலாம், இல்லை யாராவது கழற்றி வைத்திருக்கலாம். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குகிறவர்கள் இதை மறக்காமல் பாருங்கள். ஓடும்போது மஞ்சள் லைட் மட்டும் எரிந்து, வண்டி வழக்கம்போல இழுத்தால் லோடு இறக்கிவிட்டு வந்து பார்க்கலாம். கூடவே சிவப்பு ஆயில் லைட் வந்தாலோ, டெம்பரேச்சர் முள் ஏறினாலோ அங்கேயே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது ஸ்கேனர். டிரைவர் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே 16 பின் உள்ள சாக்கெட் இருக்கும். போனோடு சேரும் சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் போதும். ஆனால் பி.எஸ். 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நாடு முழுக்கக் கட்டாயமானது 2017 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய பி.எஸ். 3 காமன் ரெயில் வண்டிகள் (எல்லா இன்ஜெக்டருக்கும் ‘ரெயில்’ என்ற ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வண்டிகள்) சிலவற்றில் இந்தச் சின்னக் கருவி பேசாது. அப்போது ஒர்க்ஷாப் ஸ்கேனர்தான் போட வேண்டும்.

ஸ்கேனரில் கோடு (code, என்ன கோளாறு என்று சொல்லும் எண்) வந்ததும் உடனே அழிக்காதீர்கள். முதலில் ஒரு பேப்பரில் எழுதுங்கள். லைட் எரிந்த நேரத்தில் இருந்த ஆர்.பி.எம்., ஸ்பீடு, கூலண்ட் சூடு எல்லாம் ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்ற பக்கத்தில் பதிவாகியிருக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். லைட்டை அணைக்க பேட்டரி ஒயரைக் கழற்றுகிற பழக்கமும் வேண்டாம்.

இலவம்பாடியிலிருந்து முள்ளு கத்திரிக்காய் ஏற்றி நேதாஜி மார்க்கெட்டுக்கு வரும் ஒரு வண்டி. கோடு பி0118, அதாவது கூலண்ட் சென்சார் லைனில் வோல்டேஜ் அதிகம். "அண்ணே, வேற இடத்துல புது சென்சாரே போட்டாச்சு, மறுபடி எரியுது" என்றார் டிரைவர் தம்பி. ஸ்கேனரில் கூலண்ட் சூடு மைனஸ் 40 டிகிரி காட்டியது. சித்திரை வெயிலில் வேலூரில் மைனஸ் 40! இப்படிக் காட்டினால் ஒயரிலோ சென்சாருக்குள்ளோ லைன் எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

கோளாறு சென்சாரிலா ஒயரிலா என்று கண்டுபிடிப்பது சுலபம். சாவியை ஆஃப் செய்து, ரெண்டு ஒயர் மட்டும் உள்ள அந்தக் கப்ளரைக் கழற்றுங்கள். ஒரு துண்டு ஒயரால் கப்ளரின் ரெண்டு பின்னையும் இணைத்து, சாவியை ஆன் செய்து ஸ்கேனரைப் பாருங்கள். மைனஸ் 40 சட்டென்று நூறைத் தாண்டி ஏறினால் ஒயர் சரி, சென்சாரை மாற்றுங்கள். மைனஸ் 40-லேயே நின்றால் கோளாறு ஒயரில்தான். அந்த வண்டியில் எண் அசையவே இல்லை. ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். இரும்புப் பிராக்கெட்டில் உரசுகிற இடத்தில் மேல்தோல் முழுசாக இருக்க, உள்ளே செம்பு மட்டும் அறுந்து, தொட்டால் தொளதொளவென்று மடிந்தது. வெட்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, பிராக்கெட்டை விட்டுத் தள்ளிக் கட்டியதும் லைட் அணைந்தது. மூன்று ஒயர் உள்ள சென்சாரில் மட்டும் இப்படி இணைத்துப் பார்க்காதீர்கள். அதில் 5 வோல்ட் சப்ளை இருக்கும், ஷார்ட் ஆகிவிடும்.

கோணிப் பைகள் அடுக்கிய இடத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் எலிக்கடியைத் தேடுங்கள். இன்ஜினுக்கு பிரஷர் வாட்டர் அடித்த மறுநாள் லைட் வந்தால் கப்ளருக்குள் தண்ணீர் போயிருக்கும். கழற்றி, காற்றடித்து, கான்டாக்ட் கிளீனர் போட்டாலே பல சமயம் சரியாகிவிடும். பேட்டரியையும் மல்டிமீட்டரில் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். குறைந்தால், சம்பந்தமே இல்லாத கோடெல்லாம் வரும். பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தாலும் இதே கதைதான்.

லோடோடு ஏலகிரி ஏறும்போது, அந்த 14 கொண்டை ஊசி வளைவில் மட்டும் வண்டி இழுக்காமல் லைட் வருகிறது என்பார்கள். பி0299 என்றால், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து வரும் காற்று போதவில்லை. அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் ஆயில் கசிந்த கறை இருக்கிற இடத்தில் கிழிசலையும், லூசான கிளிப்பையும் பாருங்கள். பி0087 என்றால் ரெயிலில் டீசல் பிரஷர் குறைவு. டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள டிரெயினைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். ஃபில்டர் பழசானால் மாற்றிவிட்டு, டீசல் லைனில் புகுந்த ஏர் எடுத்து, பிறகு மறுபடி பாருங்கள். அதற்கு மேல் பம்ப், இன்ஜெக்டர் வேலை. இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்தவோ, கசிவு இருக்கிறதா என்று கை வைத்துப் பார்க்கவோ கூடாது. உள்ளே ஆயிரம் பார் (bar, பிரஷர் அளவு) தாண்டும் பிரஷர், தோலைக் கிழித்து டீசல் உள்ளே போய்விடும். இதில் தயவுசெய்து விளையாடாதீர்கள். பி0401 என்றால் புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். பாதையில் கரி அடைத்திருக்கலாம், கழற்றிச் சுத்தம் செய்து பாருங்கள்.

வேலை முடிந்ததும் கோடை அழித்துவிட்டு, காலி வண்டியை வேலூருக்குள் கிரீன் சர்க்கிள் வரை ஓட்டிப் பார்த்தால் போதாது. எந்த லோடில், எந்த மேட்டில் லைட் வந்ததோ அதே மாதிரி ஓட்டுங்கள். மறுபடி அதே கோடு வந்தால் நீங்கள் எழுதின பேப்பரோடு மெக்கானிக்கிடம் போய், எந்தக் கப்ளரைப் பார்த்தீர்கள், எந்த ஹோஸைப் பார்த்தீர்கள், எவ்வளவு வோல்ட் வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அவர் அதற்கு அடுத்த இடத்திலிருந்து வேலையை ஆரம்பிக்கலாம்.