சுயாதீன இசைக் கலைஞராகப் பிழைப்பது எப்படி? முதல் பாட்டிலிருந்து முதல் வருமானம் வரை

பாட்டு தயார். மிக்ஸிங், மாஸ்டரிங் முடிந்து கணினியில் கிடக்கிறது. இதை ஸ்பாட்டிஃபையில் போட்டால் பணம் கொட்டும் என்று நம்புகிறவர்கள் ஒரு பக்கம். இந்தக் காலத்தில் பாட்டுப் போட்டு யாரால் சாப்பிட முடியும் என்று ஒதுங்கிவிட்டவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பும் ஸ்ட்ரீமிங் எண்ணிக்கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இசையை நம்பி வாழும் சுயாதீனக் கலைஞர்களின் வருமானத்தைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் அது நாலைந்து இடங்களிலிருந்து வந்து சேர்ந்த தொகையாக இருக்கும். அந்த இடங்கள் எவை, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். லேபிள் (இசை நிறுவனம்), மேனேஜர் என்று யாரும் இல்லாத, முதல் பாட்டோடு நிற்கிறவருக்காக எழுதியது இது.

படி 1: பாட்டு யாருடையது என்று எழுதி வையுங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இதுதான். அதனால் இதில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதைப் பாடி, வாசித்துப் பதிவு செய்த ஒலிப்பதிவு மற்றொன்று. தொழிலில் இதை மாஸ்டர் என்பார்கள். ஒரே பாட்டைப் பத்துப் பேர் தனித்தனியாகப் பாடிப் பதிவு செய்தால், படைப்பு ஒன்றுதான், மாஸ்டர் பத்து. இரண்டுக்கும் உரிமையாளர் வேறு வேறாக இருக்கலாம், பணம் வரும் பாதையும் வேறு. இந்த ஒரு வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் ராயல்டி, அதாவது பாட்டைப் பயன்படுத்துவதற்காக உரிமையாளருக்கு வரும் பணம், பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1886இல் உருவான பெர்ன் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின்படி, படைப்பு உருவானதுமே பதிப்புரிமையும் வந்துவிடுகிறது. எங்கும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் உரிமை இருப்பது ஒன்று, அதில் யாருக்கு எவ்வளவு என்று காட்டுவது வேறொன்று. அதற்குத்தான் ஸ்ப்ளிட் ஷீட் என்னும் பங்குத் தாள்.

மூன்று பேர் சேர்ந்து ஒரு பாட்டுச் செய்கிறீர்கள் என்று வையுங்கள். ஒருவர் வரிகள் எழுதினார், ஒருவர் மெட்டுப் போட்டுப் பாடினார், மற்றவர் ப்ரோகிராமிங் (கணினியில் பின்னணி இசையைக் கோப்பது) செய்து மிக்ஸும் செய்தார். தாளின் மேலே பாட்டின் பெயர், தேதி. கீழே ஒவ்வொருவரின் சட்டப்பூர்வப் பெயர், மேடைப் பெயர், மின்னஞ்சல். பிறகு இரண்டு பத்திகள். படைப்பு என்ற பத்தியில் வரிகளுக்கு 50, மெட்டுக்கு 40, பாட்டைத் தூக்கி நிறுத்தும் அந்தக் கிடார் இழையை உருவாக்கியதற்காக ப்ரோகிராமருக்கு 10 என்று எழுதலாம். மாஸ்டர் என்ற பத்தியில் கணக்கு மாறும். பாடியவருக்கு 50, ப்ரோகிராமருக்கு 50, வரிகள் எழுதியவருக்குப் பூஜ்யம் என்றுகூட இருக்கலாம், ஏனென்றால் பதிவில் அவர் பங்கெடுக்கவில்லை. ஒவ்வொரு பத்தியின் கூட்டுத்தொகையும் 100 ஆக வேண்டும். வயலின் வாசிக்க வந்தவர் ஒரே தவணையில் சம்பளம் வாங்கிக்கொண்டாரா, பங்கு கேட்கிறாரா என்பதையும் ஒரு வரியில் குறியுங்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி.

இதைச் செய்ய வேண்டிய நேரம், ரெக்கார்டிங் முடிந்து எல்லோரும் சந்தோஷமாக இருக்கும் அன்றைய மாலை. பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு பேசினால் ஒவ்வொருவர் ஞாபகமும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். நட்புக்குள் காகிதம் எதற்கு என்று கூச்சப்படாதீர்கள். காகிதம் இல்லாமல் கெட்ட நட்புகள்தான் இந்தத் தொழிலில் அதிகம்.

இணையத்தில் வாங்கிய பீட்டின் (முன்பே தயாரித்த பின்னணி இசையின்) மேல் பாடியிருந்தால் அதன் லைசென்ஸை முழுக்கப் படியுங்கள். லீஸ் எனப்படும் குறைந்த விலை வாடகை உரிமங்களில் பெரும்பாலும் இத்தனை ஸ்ட்ரீம் வரைதான் என்று வரம்பு இருக்கும். அதே பீட்டை இன்னும் பலருக்கும் விற்றிருப்பார்கள்.

படி 2: கோப்புகளைத் தயார் செய்யுங்கள்

வேவ் கோப்பு, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 அல்லது 24 பிட். எம்பி3 வேண்டாம். அட்டைப் படம் சதுரமாக, 3000க்கு 3000 பிக்ஸல். சத்தம் கூட்டுகிறேன் என்று மாஸ்டரிங்கில் பாட்டை நசுக்காதீர்கள். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் சுமார் மைனஸ் 14 லஃப்ஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்கு ஒத்திசைத்துத்தான் ஒலிக்கச் செய்கிறது. நீங்கள் கூட்டிய சத்தத்தை அது குறைத்துவிடும், நசுங்கியது மட்டும் அப்படியே மிஞ்சும்.

பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். ஒரு பாட்டில் இனிஷியலோடு, இன்னொன்றில் இல்லாமல் என்றால், தளங்கள் உங்களை இரண்டு ஆட்களாக எடுத்துக்கொள்ளும்.

படி 3: டிஸ்ட்ரிபியூட்டரைத் தேர்ந்தெடுங்கள்

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்களில் தனிநபர் நேராகப் பாட்டை ஏற்ற முடியாது. நடுவில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும். டிஸ்ட்ரோகிட் ஆண்டுச் சந்தா வாங்குகிறது. சிடி பேபி ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒருமுறைக் கட்டணம் வாங்கிக்கொண்டு, வருமானத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. வருடத்துக்கு ஏழெட்டுப் பாட்டு போடுகிறவருக்குச் சந்தா லாபம். இரண்டு வருடத்துக்கு ஒரு ஆல்பம் போடுகிறவருக்கு ஒருமுறைக் கட்டணம்தான் நிம்மதி.

சேரும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். சந்தா கட்டுவதை நிறுத்தினால் பாட்டுத் தளங்களில் நிற்குமா, இறங்கிவிடுமா? வருமானத்தைக் கூட்டாளிகளுக்கு அவர்களே பிரித்து அனுப்புவார்களா? வேறு நிறுவனத்துக்கு மாறும்போது ஐஎஸ்ஆர்சி எண்ணை உடன் கொண்டுபோகலாமா? அந்த எண் 12 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது, ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய நிரந்தர அடையாளம். மாறும்போது பழைய எண்ணையே கொடுத்தால்தான் அதுவரை சேர்ந்த ஸ்ட்ரீம் கணக்கு தொடர வாய்ப்புண்டு. எல்லாப் பாட்டின் எண்களையும் தனியாக ஒரு கோப்பில் எழுதி வையுங்கள்.

வெளியீட்டுத் தேதியை நான்கு வாரம் தள்ளி வையுங்கள். வெளிவராத பாட்டை ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் பக்கத்தின் வழியாக ப்ளேலிஸ்ட் எடிட்டர்களுக்கு இலவசமாக அனுப்பலாம். குறைந்தது ஏழு நாள் முன்னதாக அனுப்பிவிட்டால், உங்களைப் பின்தொடர்கிறவர்களின் ரிலீஸ் ரேடார் பட்டியலில் அந்தப் பாட்டு வந்துவிடும். எடிட்டர் எடுப்பது அவர் விருப்பம்.

அந்தக் குறிப்பை எழுதும்போது "இது மனதைத் தொடும் அழகான காதல் பாட்டு, ஆதரவு தாருங்கள்" என்று எழுதினால் படிக்கிறவருக்கு எதுவும் தெரியாது. "இரவுப் பணி முடிந்து வரும் ஒரு செவிலியர் பாடும் தாலாட்டு; நைலான் கிடார், ஒற்றைக் குரல், தாளக்கருவி இல்லை; இரவில் மெதுவாகக் கேட்கும் பட்டியல்களுக்குப் பொருந்தும்" என்று எழுதினால், கேட்பதற்கு முன்பே எங்கே வைக்கலாம் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

படி 4: ஸ்ட்ரீமிங் பணத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒரு ஸ்ட்ரீமுக்கு இவ்வளவு என்று நிலையான விலை கிடையாது. சந்தாவும் விளம்பரமும் கொண்டுவரும் வருமானத்தில் ஒரு பகுதி பொதுத் தொகையாகச் சேர்கிறது. ஸ்பாட்டிஃபை தன் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்குத் தருவதாகச் சொல்கிறது. மொத்த ஸ்ட்ரீம்களில் உங்கள் பங்கு எவ்வளவோ, அந்த அளவுக்கு உங்களுக்கு. கேட்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், சந்தாதாரரா, இலவசமாகக் கேட்கிறாரா என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். 30 வினாடியாவது கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம். 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் மாஸ்டர் ராயல்டி கிடையாது.

பத்தாயிரம் ஸ்ட்ரீம் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். போலி ஸ்ட்ரீம் என்று தெரிந்தால் ராயல்டி வராது, பாட்டை இறக்குவார்கள், டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் போட்டு அது உங்கள் தலையில் விடியும்.

ஆரம்பத்தில் இந்த வழியில் வரும் தொகை சிறியதுதான். புதியவர்கள் உங்களைக் கண்டுபிடிக்கும் இடம் இது என்பதற்காக இங்கே இருங்கள்.

படி 5: விட்டுப்போகும் ராயல்டியைக் கேட்டு வாங்குங்கள்

டிஸ்ட்ரிபியூட்டர் அனுப்புவது மாஸ்டருக்கான பணம். படைப்புக்கான பணம் வேறு பாதையில் வருகிறது என்றேன் அல்லவா? வானொலி, தொலைக்காட்சி, மேடை, ஸ்ட்ரீமிங் என்று பாட்டுப் பொதுவில் ஒலிக்கும்போதெல்லாம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சேர வேண்டிய தொகையை உரிமைச் சங்கங்கள் வசூலிக்கின்றன. 1851இல் தொடங்கிய பிரான்சின் சாசெம், 1914இல் அமெரிக்காவில் வந்த ஆஸ்காப், இந்தியாவின் ஐபிஆர்எஸ் எல்லாம் இந்த வேலையைத்தான் செய்கின்றன. நீங்கள் இருக்கும் நாட்டில் எது என்று பார்த்து உறுப்பினர் ஆகுங்கள். சேர்ந்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. ஒவ்வொரு பாட்டையும் பங்கு விவரத்தோடு பதிவு செய்ய வேண்டும். அங்கே கேட்கும் விவரம் முழுவதும் முதல் படியில் எழுதிய தாளில் இருக்கிறது.

பாடியவருக்கும் வாசித்தவருக்கும் மாஸ்டர் உரிமையாளருக்கும் வேறு சங்கங்கள் உண்டு. அமெரிக்க டிஜிட்டல் வானொலிகளிடம் வசூலிக்கும் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச், தொகையில் 50 சதவீதத்தை மாஸ்டர் உரிமையாளருக்கும், 45 சதவீதத்தை முதன்மைக் கலைஞருக்கும், 5 சதவீதத்தைப் பக்கவாத்தியம் வாசித்தவர்களுக்கும் உடன் பாடியவர்களுக்குமான நிதிக்கும் ஒதுக்குகிறது. மாஸ்டரும் உங்களுடையது, பாடியதும் நீங்கள் என்றால் இரண்டு பங்குக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும். ஒன்றோடு நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய.

அடுத்து யூடியூப்பின் கன்டென்ட் ஐடி. உங்கள் பாட்டை யாராவது தங்கள் வீடியோவில் பயன்படுத்தினால் அதைக் கண்டுபிடித்து விளம்பர வருமானத்தை உங்களுக்குத் திருப்பிவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக இதில் சேரலாம். ஒரு எச்சரிக்கை: லீஸ் எடுத்த பீட்டோ, யாரும் பயன்படுத்தக்கூடிய லூப்போ (திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசைத் துண்டு) உங்கள் பாட்டில் இருந்தால் சேர்க்காதீர்கள். அதே லூப்பைப் பயன்படுத்திய இன்னொரு கலைஞரின் பாட்டின் மேல் உங்கள் பெயரில் உரிமைக்கோரல் போய் விழும்.

கவர் பாடல் (பிறர் பாட்டைத் தாமே பாடிப் பதிவு செய்வது) போடுகிறவர்கள் கவனிக்க: ஒலியாக வெளியிட ஒரு அனுமதி, காட்சியோடு சேர்த்து வெளியிட வேறு அனுமதி. முந்தையதை வாங்கித் தரும் வசதி சில டிஸ்ட்ரிபியூட்டர்களிடம் உண்டு. மாஸ்டர் உங்களுடையதாக இருந்தாலும் படைப்பின் பணம் மூலப் பாட்டின் உரிமையாளருக்குத்தான்.

படி 6: கேட்பவரிடம் நேராக விற்றுப் பாருங்கள்

உண்மையாகக் கைக்கு வரும் பணம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு பாட்டை ஆயிரம் பேர் ஒருமுறை கேட்டுவிட்டுப் போவதைவிட, முப்பது பேர் காசு கொடுத்து வாங்குவது உங்கள் மாதத்தை மாற்றும்.

2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் என்ற விற்பனைத் தளத்தில் நீங்களே விலை வைக்கலாம். விரும்புகிறவர் கூடுதலாகவும் கொடுக்கலாம். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும், சட்டை, சிடி போன்ற பொருள்களில் 10 சதவீதமும் அவர்கள் பங்கு. பணப்பரிமாற்றக் கட்டணம் தனி. வாங்கியவரின் மின்னஞ்சல் முகவரி உங்களுக்குக் கிடைக்கும் என்பது இதன் பெரிய பலம். சமூக வலைதளத்தில் ஐயாயிரம் பேர் பின்தொடர்ந்தாலும், உங்கள் பதிவை யாருக்குக் காட்டுவது என்பதை அந்த நிறுவனம் தீர்மானிக்கிறது. முகவரி உங்களிடம் இருந்தால் அடுத்த பாட்டு வரும்போது நேராகச் சொல்லலாம்.

ரசிகர்கள் மாதாமாதம் பணம் தரும் சந்தா முறைக்கு பேட்ரியான் தளம் இருக்கிறது. 2013இல் அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜாக் கான்டே தானும் இசைக் கலைஞர். இங்கே புதியவர்கள் சிக்கிக்கொள்வது வாக்குறுதியில்தான். மாதம் நான்கு வீடியோ, இரண்டு பாட்டு, நேரலை என்று அள்ளி விட்டுவிட்டு மூன்றாம் மாதம் மூச்சு வாங்குவார்கள். நீங்கள் எப்படியும் செய்யும் வேலையிலிருந்து எடுத்துக் கொடுங்கள்: அரைகுறை டெமோ, வரிகளின் முதல் வரைவு, பாட்டின் கரோக்கி ட்ராக், ஸ்டெம் கோப்புகள் (குரல், கிடார் என்று தனித்தனியாகப் பிரித்த ஒலிக் கோப்புகள்). மாதம் ஒன்று ஒழுங்காக வந்தால் போதும்.

படி 7: இசை தெரிந்தவர் என்பதால் வரும் வேலைகள்

சொந்தப் பாட்டுப் போடுகிறவர் அடுத்தவர் பாட்டுக்கு வாசிப்பதை, பாடம் எடுப்பதைச் சிலர் தோல்வியாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. முதல் சில வருடங்களில் வாடகை கட்டுவது இந்த வேலைகள்தான். கையும் காதும் தேறுவதும் இவற்றால்தான். வீட்டிலிருந்தே வாய்ஸ் பாடி அனுப்புவது, ஒரு வாத்தியத்தை வாசித்து அனுப்புவது, மிக்ஸிங், பாட்காஸ்ட்டுக்கு முகப்பு இசை, இணையவழி வகுப்பு என்று எதில் உங்களுக்கு உறுதி இருக்கிறதோ அதில் ஒன்றை மட்டும் எடுத்து நன்றாகச் செய்யுங்கள். பாதிப் பணம் முன்பணம், எத்தனை திருத்தம் வரை இலவசம், உரிமை யாருக்கு என்ற மூன்றையும் மின்னஞ்சலில் எழுதி ஒப்புதல் வாங்கிய பிறகு மைக்கைத் தொடுங்கள்.

குறும்படம், விளம்பரம், விளையாட்டு போன்றவற்றில் பாட்டைப் பயன்படுத்த வாங்கும் அனுமதி சிங்க் லைசென்ஸ். அதைத் தேடுகிறவருக்குப் படைப்பு, மாஸ்டர் இரண்டுக்கும் சம்மதம் வேண்டும். பெரிய நிறுவனப் பாட்டு என்றால் பல கதவைத் தட்ட வேண்டியிருக்கும். இரண்டும் உங்கள் கையில் இருந்தால் ஒரே மின்னஞ்சலில் வேலை முடியும், இதைத் தைரியமாக முதல் வரியிலேயே சொல்லுங்கள். பாட்டின் குரல் இல்லாத வடிவத்தையும் ஸ்டெம்களையும் மிக்ஸ் செய்யும் அன்றே எடுத்து வைத்துவிடுங்கள். அவசரத்தில் கேட்பார்கள், அன்றே கொடுக்கிறவருக்கு வேலை போகும்.

படி 8: கணக்கு

இசைக்கென்று தனி வங்கிக் கணக்கு. வரும் ஒவ்வொரு தொகையிலும் வரிக்கு ஒரு பங்கை உடனே ஒதுக்குங்கள். ஒரு விரிதாளில் தேதி, எங்கிருந்து, எந்தப் பாட்டு, எவ்வளவு என்று நான்கு கட்டம் போதும். ஸ்ட்ரீமிங் பணம் இரண்டு மூன்று மாதம் தாமதமாக வரும், சங்கங்களின் பணம் அதைவிடத் தாமதமாகும் என்பதால் இந்த மாத வருமானத்தை வைத்து இந்த மாத வேலையை எடை போடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த விரிதாளைத் திறந்து, எந்தப் பாட்டின் பெயரில் எந்த வழியில் இன்னும் ஒன்றுமே வரவில்லை என்று பாருங்கள். பல நேரங்களில் சங்கத்தில் பாட்டைப் பதிய மறந்திருப்பீர்கள், அல்லது பெயர் எழுத்துக்கூட்டல் மாறியிருக்கும். அன்றே திருத்தி அனுப்பிவிடுங்கள்; பழைய தொகையைப் பின்னோக்கிக் கேட்பதற்குச் சங்கங்கள் காலக்கெடு வைத்திருக்கின்றன.